கருமேக ராசாவுக்குச் சொன்ன குறி

கொல்லைமேடு,
4.2.2025, செவ்வாய்

அதெல்லாம் ஒத்துக்க முடியாது ரோசு. ‘கதைக்கு அது தேவைப்படுது மாமா, அதனாலதான் ராசாவுக்குக் குறி சொன்னன்’னு எழுதியிருக்கற. தேவைப்படுதாம். கத ஒங்கிட்ட வந்து அழுவுச்சா?

நாயம்னு ஒண்ணு வேணாமாடி? ஞாயித்துக்கெழமையானா ஒன் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால நாலு பேரு மேசையச் சுத்தி ஒக்காந்துக்கிறீங்க. ஆளுக்கு ஒரு வேசம். பகடைய உருட்டி உருட்டி கெட்டவன் கோட்டைக்கு வழி தேடறீங்க. நீ கதைய ஓட்டற. கெட்டவன் வேசம் மட்டும் ஒனக்கு வரல. ‘நான் பேசினா ராட்சசன்கூட ட்யூசன் டீச்சர் மாதிரி பேசறான் மாமா, நீங்க எழுதிக் குடுங்க’ன்னு வந்து கெஞ்சினது யாரு? அக்கா மவளாச்சேன்னு ஒத்துக்கினன். எட்டு மாசமா ராசேசு ஓட்டற பால் வண்டியில என் ஓலை வருது. நீ படிச்சுக் காட்டற. அதுங்க நடுங்குதுங்க.

கருமேக ராசான்னா லேசுப்பட்ட ஆளா? வானத்து மேகத்த எல்லாம் புடிச்சாந்து மாட்டுக் கொட்டாயில கட்டிப் போட்டிருக்கறான். எந்த ஊருக்கு எத்தினி கொடம் மழன்னு அவன்தான் சொல்லணும். ஊத்தற ஒவ்வொரு கொடத்துலயும் அவன் பங்கு ஒரு கை. அந்த ‘ஒரு கை’ சட்டம் என் மூளை. நீ அதுக்குக் கைதட்டுனதா ராசேசு சொன்னான்.

இப்ப இன்னான்னா, கோட்ட வாசல்ல ஒரு குறிகாரி வந்தாளாம். ‘அளந்து ஊத்தற கையால ஒன் கோட்ட சாயும்’னு சொன்னாளாம். ராசா இன்னா பண்ணப் போறாருன்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள எழுதி அனுப்பணுமாம். தோக்கப் போறன்னு கெட்டவன்கிட்டயே போயி முன்னால சொல்ற ஆட்டம் எந்த ஊர்லடி இருக்குது? கபடியில ஏறிப் போறவன் ‘நான் ஒன் எடது காலத் தொடப் போறன்’னு சொல்லிக்கினா போறான்?

குறிய வாபஸ் வாங்கு. போன்ல பேசிக்கலாம்னு ராசேசு சொல்றான். என் காதுக்கு போனும் ஒண்ணுதான், தேங்கா மூடியும் ஒண்ணுதான். எழுது.

அப்பறம், கிறிஸ்மஸுக்கு நீ குடுத்தனுப்புன கேக்கு இன்னும் இருக்குது. சங்கத்துல மூலை மேசைக்கு ஒரு காலு குட்டை. அதுக்கு அண்டக் குடுத்திருக்கறன். அப்பறம் ஆடவே இல்ல.

இப்பிடிக்கு
செல்லப்பன்
பால் சங்கத் தலைவரு, மேகத்துக்கும் ராசா


வில்லியனூர்,
6.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேக் செய்தியை ராஜேஷ் ஏற்கெனவே மேசையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான்கு கேக்காக அனுப்புகிறேன். நான்கு காலுக்கும் ஆகும்.

குறியைத் திரும்பப் பெற முடியாது. எல்லோர் முன்பும் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், ஆட்டம் அப்படி. அது பொய்க்கவும் பொய்க்காது. ராசா தோற்பார். எப்படித் தோற்பார், அதுவரை என்ன செய்வார் என்பது முழுக்க உங்கள் பேனாவில் இருக்கிறது. எட்டு மாதமாக அவர் எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். அவர் எதற்குப் பயப்படுவார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது தெரிகிற வரைக்கும் அவர் ஆளே இல்லை மாமா, வெறும் மீசை.

மேசையில் ஒரே சண்டை. “குறிகாரிய அங்கயே வெட்டிப் போடுவாரு பாரு” என்று ராஜேஷ். “போடா, சிரிச்சிட்டுத் தூங்கப் போயிடுவாரு” என்று சுவேதா. (எங்கள் மாடி வீட்டுப் பெண், நர்சிங் படிக்கிறவள்.) ஜெயசுதா மட்டும் பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தாள். “சங்கத்துல காலையும் மாலையும் இந்தக் கத்து கத்திப் பால் அளக்கறவளா இது?” என்று ராஜேஷ் கேலி செய்தான். அதற்கும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். வேண்டாம். ஒன்று மட்டும்: குறியைக் கேட்டதும் வருகிற முதல் கோபத்தில் எழுதாதீர்கள். ஒரு நாள் வைத்திருந்து எழுதுங்கள்.

ரோஸ்லின்


கொல்லைமேடு,
8.2.2025

ரோசு,

ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு வெச்சிருந்து எழுதறன்.

குறிகாரிய வெட்டறது ராசேசு புத்தி. அவன் வண்டி ஓட்டறதும் அப்பிடித்தான். சொன்ன வாய மூடினா சொன்னது போயிடுமா? ராசா பயந்துட்டாருடோய்னு ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி ஆவும். சரி, ஊர்ல அளந்து ஊத்தற கை எதெதுன்னு தேடி வெட்டலாம். வெட்டிட்டு? மறுநாளு மழைய யாரு அளக்கறது? ராசாவா குந்திக்கினு அளப்பாரு? அவருக்கு இடுப்பு வலி. அந்த நர்சுப் பொண்ணு சொன்னாப்புல சிரிச்சிட்டுத் தூங்கலாம். பதினெட்டு வருசம் ஆண்டவனுக்கு சிரிப்பு வரும்டி, தூக்கம் வராது.

பாரு, பதினெட்டுன்னு கை தானா எழுதிடுச்சு. ராசா எத்தினி வருசம் ஆண்டாருன்னு நீ இன்னும் சொல்லவே இல்ல. அது என்னோட பதினெட்டு.

இனிமே வெளாட்டு இல்ல. ஒங்கடுதாசி வந்தப்ப கையில டீ இருந்துது. அது ஆறறதுக்குள்ள புரிஞ்சு போச்சு. எங்க சங்கத்துல அளந்து ஊத்தற கை ஒண்ணே ஒண்ணு. கேனுக்கு ஒரு கரண்டி சாம்பிள் எடுத்து, மீட்டரப் போட்டுத் தண்ணி கலந்திருக்குதான்னு பாத்து, அளந்து ஊத்தற டெஸ்டர் ஜெயசுதா. மார்ச்சுல சங்கத் தேர்தலு. இருவத்தொண்ணாந் தேதி மனு. பதினெட்டு வருசமா என்ன எதுத்து ஒருத்தன் மனு போட்டதில்ல. இந்த வாட்டி அவ போடப் போறா. ஒங்க மேசையில ஒக்காந்து அத ஒங்ககிட்ட சொல்லியிருக்கறா. நீ குறி சொன்னது ராசாவுக்கு இல்ல, எனக்கு. இன்னா, சரியா?

ராசாவோட ஓலை இது, மேசையில படி:

‘குறிகாரிக்கு மோர் குடுத்து அனுப்புங்க. ராசா யோசிக்கறாரு.’

செல்லப்பன்


வில்லியனூர்,
10.2.2025

மாமா,

இந்தக் கடிதத்தைச் சங்கத்தில் உட்கார்ந்து படிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். போன மாதம் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே டீ குடிக்கும்போது ஜெயசுதா சொன்னாள். “ரோசக்கா, இந்த வாட்டி நான் நிக்கறன். கடைசி நாளு வேலைய வுடறன்னு எழுதிக் குடுத்துட்டு அப்பிடியே மனுவப் போட்டுடுவன். அதுக்கு முந்தி தலைவர்கிட்ட மூச்சு வுடக் கூடாது.” எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் சொன்னது நியாயம் என்றும் பட்டது. ஆனாலும் ஊர் பார்க்க நீங்கள் ஒன்றும் தெரியாமல் திகைத்து நிற்பதை நினைத்தேன். அதனால் கதைக்குள் பொதிந்து உங்கள் கையில் கொடுத்தேன். மனம் மட்டும் தயாராகும், ஆளைக் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நம்பினேன். உங்களைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

நேற்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். “கத சொல்றன்னு என் பொழப்பச் சொல்லிட்டியேக்கா” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சாம்பிளுக்கு எடுக்கிற கரண்டிப் பாலில் சோதித்தது போக மீதி அவரவர் கேனுக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதில்லை. அது உங்களுக்கும் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் டீ ஆகிறது. ஒன்பது வருடமாக அந்தக் கரண்டி அவள் கையில் இருக்கிறது. ஒற்றை மாட்டுப் பாலைத் தூக்கிக்கொண்டு பவுனம்மாள் வந்து நிற்கும்போது கை கூசுகிறது என்றாள். ராசாவுக்கு ‘ஒரு கை’ சட்டம் எழுதியவர் நீங்கள். அதைப் படித்தபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம். அவள் தட்டவில்லை. நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

வேலையை விடுவதானால் அவளே விடட்டும், நீங்கள் எடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு கையெழுத்து. அவள் வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருவது அந்தச் சம்பளம் ஒன்றுதான். ராசா அந்தக் கையை வெட்டமாட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள். மேசைக்கு வேண்டாம். எனக்கு.

ரோஸ்லின்


கொல்லைமேடு,
14.2.2025

ரோசு,

வெட்டலடி. அழுவாத. மாதா கோயில்ல ஒனக்கு ரோஸ்லின்னு பேரு வெச்ச அன்னிக்கும் இப்பிடித்தான் அழுத, பேரு என் வாயில நொழையலன்னு நான் சிரிச்சதுக்கு.

வெட்டினா நான் மடையன். எங்க சங்கத்து விதி ஒனக்குத் தெரியாது. சம்பளம் வாங்கறவங்க தேர்தல்ல நிக்க முடியாது. வேலைய வுட்டு நான் தூக்கினன்னு வெய்யி, நானே அவ கையப் புடிச்சு இட்டுக்கினு போயி மனு போட வெச்ச மாதிரி. கெட்டவனுங்க முக்காவாசிப் பேரு இப்பிடித்தான் சாவறானுங்க. நடக்கக் கூடாதுன்னு பயந்து ஓடி, நடக்கற எடத்துல போயி நிக்கறானுங்க. கருமேக ராசா அந்த ரகம் இல்ல.

அவரு இன்னா பண்ணாரு தெரியுமா? மோதிரம் போட்டாரு. மேசையில படி:

‘அளந்து ஊத்தற கைக்கு ராசா பொன் மோதிரம் போட்டாரு. இன்னியிலேருந்து நீதான் மேகத்துக்கெல்லாம் தலைமைக் கணக்குப்புள்ள. மோதிரம் வெரல்ல இருக்கற வரைக்கும் ஒன் வூட்டு மேல மழ தப்பாது. ஒரே ஒரு சட்டம், மோதிரம் போட்ட கை ராசாவுக்கு எதுரா ஓங்கக் கூடாது.’

நேத்து கமிட்டி கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டன். ஒம்போது வருசமா டெம்பரரியா இருந்த டெஸ்டர் ஜெயசுதா இனிமே பர்மனென்ட். பிஎஃப் உண்டு. டெம்பரரின்னா உதறிட்டுப் போயிடலாம். இப்ப உதறட்டும் பாக்கலாம். அவ மாமியா தையலம்மா தெருவு பூரா கேசரி குடுத்துச்சு. எனக்கு ரெண்டு கரண்டி. ராசினாமா குடுக்கறதுன்னாலும் எங்கையெழுத்து இல்லாம செல்லாது, அது வேற விசயம்.

கெட்டவன் நல்லது பண்ணி ஜெயிச்சா ஒங்க ஆட்டத்துல அதுக்கு இன்னா பேரு? எழுது. எனக்கே தெரியல.

ஆர்டர அவ கையில குடுத்தப்ப எல்லாரும் கைதட்டுனாங்க. அவ ஆர்டரப் பாக்கல. என் டீ டம்ளரப் பாத்தா. அது ஒண்ணுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துது.

செல்லப்பன்


வில்லியனூர்,
17.2.2025

மாமா,

ஜெயசுதா ஆட்டத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அவளைப் பார்த்ததும் ஓலையை மடித்து வைத்துவிட்டேன். “படிக்கா, ராசா இன்னா சொல்றாருன்னு கேப்பம்” என்றாள் அவளே.

படித்து முடித்தேன். சுவேதாவுக்கு நம்முடைய விஷயம் ஒன்றும் தெரியாது. “செம ராசாப்பா, எதிரியையே வேலைக்கு வெச்சுக்கிட்டாரு” என்றாள். ஜெயசுதா தன் விரலைப் பார்த்துக்கொண்டே, “மோதிரத்தக் கழட்டினா?” என்று கேட்டாள். “கழட்டினா பிஎஃப் போயிடும்” என்றான் ராஜேஷ், ஆட்டத்தை மறந்து. பிறகு அவனே தலையில் அடித்துக்கொண்டான். அவள் பகடையை என்னிடம் தள்ளிவிட்டு, “அடுத்த வாரம் உருட்டறன்” என்றாள். வீட்டில் மாமியாரும் புருஷனும் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பர்மனென்ட் வேலையை விட நினைக்கிறவளுக்கு என்ன பேர் வைப்பார்களோ அதெல்லாம் வைத்துவிட்டார்கள்.

அதற்கு என்ன பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை. கையை வெட்டுகிற ராசாவைத் திட்டலாம். மோதிரம் போடுகிறவரைத் திட்டக்கூட முடியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பே அவளுக்குச் சேரவேண்டிய வேலை அது. அதை அவள் வாயை மூடுவதற்காக எடுத்து வைத்திருந்தது போல் ஆகிவிட்டது. நல்லதையும் கெடுக்கத் தெரிந்தவர் நீங்கள்.

ஆனால் ராசா எதற்குப் பயப்படுவார் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. தோற்பதற்கு இல்லை. எண்ணிப் பார்ப்பதற்கு. நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதினெட்டு வருடத்தில் உங்களுக்கு என்று ஒரே ஒரு ஓட்டு எண்ணியிருக்கிறார்களா?

பதில் வரும்வரை ராசாவின் ஓலை எதையும் மேசையில் படிக்கப் போவதில்லை. 

ரோஸ்லின்


கொல்லைமேடு,
21.2.2025, வெள்ளி

ரோசு,

நடந்தத வரிசையா எழுதறன். நடுவுல பூந்து கேள்வி கேக்காத.

ஒங்கடுதாசிய நாலு நாளு சட்டப் பையிலயே வெச்சிருந்தன். நேத்து மத்தியானம் சங்கத்து உறுப்பினர் லிஸ்ட எடுத்துக்கினு ஒக்காந்தன். நூத்திப் பன்னண்டு பேரு. எவன் எனக்குப் போடுவான்னு டிக்கு அடிக்கலாம்னு. எம்பேருக்கு ஒரு டிக்கு. ஒன் அத்த காசம்மாளுக்கு ஒரு டிக்கு, அதையும் பென்சில்லதான் போட்டன். அதுக்கு மேல கை ஓடல. எல்லாரும் தலைவரே தலைவரேன்னுதான் கூப்புடறானுங்க. எங்கூட டீ குடிக்கறவனுங்க பேரத் தேடிப் புடிச்சன். டீ நின்னா இவன் வருவானான்னு ஒரு யோசன. டிக்கு வெக்கல.

ஒங்கேள்விக்கு அதான் பதிலு. பதினெட்டு வருசமா நான் ஜெயிக்கலடி. யாரும் வரல, அவ்ளோதான்.

இன்னிக்குக் காலையில பால் எடுக்கறப்ப ஜெயசுதா சாம்பிள் எடுத்தா, மீட்டரப் போட்டா, மிச்சத்த அவங்கவங்க கேன்லயே திருப்பி ஊத்துனா. வரிசையே வாயப் பொளந்துக்கினு நின்னுது. “இன்னாடி ஜெயா, திருப்பி ஊத்தற?”ன்னு பவுனம்மா. “ஒன் பாலுதான பெரிம்மா”ன்னா. எனக்கு டீ வந்துது. கறுப்பா. கூட ஒக்காந்திருந்தவனுங்க டம்ளரத் திருப்பித் திருப்பிப் பாத்தானுங்க.

அப்பறம் ரெண்டு மணிக்கு வந்தா, ராசினாமாவ என் எதுர்ல வெச்சா. மூணு மணியோட மனு முடியுது. மனு வாங்கற ஆபீசரு மூலையில ஒக்காந்திருக்கறாரு, ஒங்கேக்கு தாங்கற மேசையில. எங்கையெழுத்து வுழுந்தாதான் அவ அந்த மேசைக்குப் போவ முடியும். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். மூணு மணி வரைக்கும் நான் இருமிக்கினே இருந்தாப் போதும்.

“பேனாவுல மை இல்லம்மா”ன்னன். அவ பேனாவ எடுத்து நீட்டுனா.

“ஒன் மாமியா கேசரி குடுத்த தட்டு இன்னும் காயல”ன்னன். ராசினாமாவ இன்னும் கிட்ட நவுத்துனா.

“சரி ஜெயா, சாம்பிளுதான ஒனக்கு வருத்தம்? நாளையிலேருந்து நானே திருப்பி ஊத்தச் சொல்லிடறன். வேலையும் பர்மனென்டா இருக்கட்டும். அப்பறம் எதுக்கும்மா நிக்கற?”ன்னன்.

குனிஞ்சு, என் நல்ல காதாப் பாத்து, கத்தாம சொன்னா. “எடுத்ததும் ஒங்க இஷ்டம், நாளைக்கு வுடறதும் ஒங்க இஷ்டம். அதுக்குத்தான் நிக்கறன் தலைவரே.”

ஒவ்வொரு எழுத்தும் கேட்டுதுடி. எட்டு மாசமா அந்தக் கோட்டையில ஒக்காந்துக்கினு ஓலை அனுப்பறன், ஒருத்தரும் எங்கிட்ட இப்பிடிப் பேசல. அவ வூட்ல எல்லாரையும் எதுத்துக்கினு வந்து நிக்கறா. தோக்கலாம். தோத்தா வேலையும் இல்ல. அவளுக்கு எவ குறி சொன்னா? ஒருத்தியும் சொல்லல. ராசாவுக்குத்தான் முன்னாலயே தெரியும், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்பிடி இருந்தும் வந்திருக்கறா.

அவ பேனாவாலயே கையெழுத்துப் போட்டுட்டன். மணி ரெண்டே கால். ஒன் அத்தைக்கு இன்னும் சொல்லல.

மனுவக் குடுத்துட்டு அவ வெளிய வந்தப்ப நான் வாசல்ல நின்னுக்கினு இருந்தன். பைய எடுத்துத் தோள்ல மாட்டுனா.

“ராசா இன்னா பண்ணாருன்னு கேக்க மாட்டியா?”ன்னன்.

நின்னா. திரும்பல, ஆனா நின்னா.

“ராசா கோட்டைய வுட்டு எறங்கிட்டாரு. மேகத்த அவுத்து வுட்டாரான்னு கேக்காத, அது இன்னும் முடிவாவல. வூடு வூடாப் போயி என்ன வெச்சுக்கங்கன்னு கேக்கணும். அவருக்கு அது பழக்கம் இல்ல. எப்பிடிக் கேக்கறதுன்னுகூடத் தெரியாது. மொதோ மொதல்ல எந்த வூட்டுக் கதவத் தட்டுனாருன்னு நெனைக்கற? அளந்து ஊத்தறவ வூட்டுக் கதவ. தட்டிட்டு, செருப்பக் கழட்டிட்டு நின்னு, ‘யம்மா, ஒங்கூட்டுலயும் ஒரு ஓட்டு இருக்குது இல்ல, அத நீ எனக்கு...’ ”

நான் இன்னும் சொல்லியே முடிக்கல ரோசு. அவ பாதித் தெரு தாண்டிட்டா.